சொன்னால் படம் போடும் யந்திரம்

கம்ப்யூட்டர் யந்திரத்தினிடம் நாம் வீட்டில் பேசுகிற பாஷையிலேயே, "ஒரு தொட்டி, அதற்குக் கீழே ஒரு பம்பு, இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு, இவைகளைச் சேர்த்து ஒரு படம் போடு" என்று சொன்னால் அது அரை நிமிஷத்தில் படம் போட்டுக் கொடுக்கிறது என்பதும், "அந்த வால்வை எடுத்துவிட்டு வேறு வை" என்றால் உடனே மாற்றிக் கொடுக்கிறது என்பதும், இன்று நம் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டதும் சிலர் செய்து பார்த்ததுமான சங்கதியாகும். 2022-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் சாட்-ஜிபிடி என்பது பொது ஜனங்களுக்குத் திறந்து விடப்பட்டது முதல், கடிதம் எழுதுவது, கணக்குப் போடுவது என்று ஆரம்பித்த இவ்வேலை இப்பொழுது எஞ்சினீயர்களின் மேஜை வரைக்கும் வந்துவிட்டது. இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் நம் காதில் விழுகின்றன.

ஒரு கூட்டத்தார், "இனிமேல் எஞ்சினீயர் எதற்கு, டிராப்ட்ஸ்மேன் எதற்கு? எல்லாம் யந்திரத்துக்குத் தெரியும்; அது போட்டுக் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும்" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "படிக்காதவன் கையில் இது போனால் உலகம் கெட்டுவிடும், பிளான் என்பது நாலு வருஷம் காலேஜில் வாசித்தவர்கள் மாத்திரமே தொட வேண்டிய வஸ்து" என்கிறார்கள். முதல் கூட்டத்தார் யந்திரத்தைச் சாமியாக்குகிறார்கள். இரண்டாவது கூட்டத்தார் தங்களையே சாமியாக்கிக் கொள்ளுகிறார்கள். நமக்கு இரண்டும் சம்மதமில்லை. ஏன் என்பதைச் சற்று விவரமாகவே சொல்லுகிறோம்.

இரண்டாவது கூட்டத்தாரின் பேச்சைப் பற்றி முதலில் பார்ப்போம். இது இன்று நேற்று உண்டான பேச்சல்ல. பிரான்சு தேசத்தில் 1746-ம் வருஷத்தில் காஸ்பார் மோஞ்சு என்று ஒருவர் பிறந்தார். அவருடைய தகப்பனார் ஊர் ஊராகச் சாமான் விற்று ஜீவனம் செய்தவர். பிள்ளையோ படம் வரைவதிலும் கணக்கிலும் கெட்டிக்காரர். மெஸியேர் என்ற ஊரில் அரசனுடைய ராணுவ எஞ்சினீயர் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதில் இந்தப் பிள்ளைக்கு ஆபீசர் வகுப்பில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மூளை இல்லை என்பதற்காக அல்ல. பிரபு குலத்தில் பிறக்கவில்லை என்பதற்காக. பக்கத்தில் படம் வரைகிறவர்களும் மாதிரிகள் செய்கிறவர்களும் இருக்கும் கொட்டகையில் போய் உட்கார் என்றார்கள்.

அங்கே அவருக்கு ஒரு கோட்டைக்குப் பிளான் போடும் வேலை கொடுக்கப்பட்டது. எதிரி எந்தப் பக்கத்தில் நின்று சுட்டாலும் உள்ளே இருப்பவன்மேல் படாதபடி சுவர்களை எங்கே, எவ்வளவு உயரத்துக்கு வைப்பது என்பதைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் மூட்டை மூட்டையாகக் கணக்குப் போடுவார்கள். மோஞ்சு அந்தக் கணக்கை விட்டுவிட்டு, ஒரு பொருளைத் தரையிலும் சுவரிலும் விழும் நிழல்போல் இரண்டு தோற்றமாக வரைந்து, கோடுகளைக் கொண்டே விடை கண்டுபிடித்து எடுத்துப் போனார். மேலதிகாரி அதைப் பார்க்கவே மறுத்துவிட்டார். "இவ்வளவு சீக்கிரத்தில் கணக்கை முடித்திருக்க முடியாது, ஆகவே இது தப்பு" என்பது அவருடைய நியாயம். படத்தைப் பார்த்துத் தப்பு என்று அவர் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பிறகு ஒரு வழியாகப் பார்த்தார்கள். பார்த்தவுடனே, இது ராணுவ ரகசியம், வெளியில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று பூட்டி வைத்துவிட்டார்கள். ஏறக்குறைய முப்பது வருஷ காலம் அது அப்படியே இருந்தது. பிரஞ்சுப் புரட்சி வந்து பிரபுக்களின் உயர்வு ஒழிந்த பிறகுதான், 1795-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தில் உபாத்தியாயர்களைத் தயாரிப்பதற்கென்று ஏற்பட்ட கலாசாலையில் அவர் அதைப் பகிரங்கமாகச் சொல்லிக் கொடுத்தார். இன்று கொல்லுப் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என்று போடுகிறோமே, அந்த முறையெல்லாம் இந்தப் படிப்பின் வழியில் வந்ததேயாகும்.

ஆகவே, படம் போடும் வித்தை நாலு பேருக்கு மாத்திரம் இருக்க வேண்டும் என்பது வித்தையின் குணமல்ல. அதை வைத்துப் பிழைப்பவர்களின் குணம். 1842-ல் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்த நீலக் காகிதத்தால் ஒரு படத்துக்குப் பத்துப் பிரதி எடுப்பது சுலபமாயிற்று. 1963-ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்டு என்பவர் கம்ப்யூட்டர் திரையின்மேல் ஒளிப் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். 1982-ல் ஆட்டோகேட் என்ற சாதனம் விற்பனைக்கு வந்து, மேஜையும் டி-ஸ்குயரும் மூலைக்குப் போயின. இவைகளில் ஒவ்வொன்றும் கையின் சிரமத்தைக் குறைத்தது. ஆனாலும் அந்தச் சாதனத்தின் பாஷையை நாம் கற்றுக்கொண்டால்தான் அது வேலை செய்தது. இப்பொழுது வந்திருக்கும் யந்திரமோ, நம்முடைய பாஷையைத் தான் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது. இருபது வருஷம் பம்பு செட்டு ரிப்பேர் செய்து பழகிய ஒருவர், தன் மனத்திலிருக்கும் அமைப்பைக் காகிதத்தில் போடத் தெரியாத ஒரே காரணத்தால் இதுவரையில் வாய் மூடியிருந்தார். அவர் இனி வாயைத் திறந்து சொன்னால் போதும் என்று ஏற்படுமானால், அதை நாம் இரு கைகளாலும் வரவேற்க வேண்டாமா?

நிற்க, இனி முதல் கூட்டத்தாருக்கு வருவோம். இவர்களோடுதான் நமக்குப் பேச்சு அதிகம். ஏனெனில், இவர்களில் பலர் நம்மவர்கள்.

இந்த யந்திரம் உண்மையில் என்ன செய்கிறது என்பதை ஒரு சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். அது ஏராளமான எழுத்துகளைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது வழக்கம் என்பதைப் பழகி வைத்திருக்கிறது. படம் கேட்டால் அது பெரும்பாலும் படத்தைப் போடுவதில்லை; படத்துக்கு உரிய வாசகத்தை எழுதுகிறது. "தொட்டியிலிருந்து பம்புக்கு ஒரு கோடு, பம்பிலிருந்து வால்வுக்கு ஒரு கோடு" என்று கிராப்விஸ், மெர்மெய்ட் போன்ற சாதனங்களுக்கு விளங்குகிற விதிப்படி எழுதிக் கொடுத்துவிடும். கட்டத்தையும் கோட்டையும் இழுத்துப் போடுவது அந்தச் சாதனத்தின் வேலை. இரும்புச் சாமானுக்கோ பிளாஸ்டிக் சாமானுக்கோ படம் வேண்டுமென்றால், ஓப்பன்ஸ்காட் என்பது போன்ற சாதனத்துக்கு நீளம், அகலம், துவாரத்தின் குறுக்களவு எல்லாம் எழுதிக் கொடுக்கும். இப்படி வாசகமாக எழுதுவதில் ஒரு பெரிய நன்மை உண்டு. நாம் அதைப் படித்துப் பார்க்கலாம். நேற்று இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் எந்த வரி மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதை விட்டுவிட்டு வர்ணப் படம் தீட்டுகிற யந்திரத்திடம் பிளான் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது பார்வைக்குப் பிளான் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு குழாய் எங்கும் போய்ச் சேராமல் அந்தரத்தில் நின்றுவிடக்கூடும். அதைச் சுவரில் மாட்டலாம், வேறொன்றுக்கும் உதவாது.

ஆனால் வாசகமாக எழுதினாலும், அது "வழக்கம்" என்ன என்று பார்த்து எழுதுகிறதே ஒழிய, நம் கிணற்றையும் மோட்டாரையும் பார்த்து எழுதவில்லை. இங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஒரு உதாரணம் சொல்லுகிறோம்.

மூன்று பேஸ் மோட்டாருக்கு வைக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியை நம் கிராமவாசிகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பச்சைப் பட்டனை அமுக்கினால் ஓடும்; சிகப்புப் பட்டனை அமுக்கினால் நிற்கும். உள்ளே ஒரு காயில். பச்சையை அமுக்கும்போது சிகப்புப் பட்டன் வழியாகக் கரண்டு வந்து காயில் இழுக்கிறது. இழுத்தவுடன் பச்சைக்குப் பக்கத்திலேயே உள்ள ஒரு துணை காண்டாக்ட் சேர்ந்துகொண்டு, கையை எடுத்த பிறகும் கரண்டை விடாமல் பிடித்து வைக்கிறது. இதே வரிசையில் ஓவர்லோடு ரிலேயின் காண்டாக்டும் ஒன்று இருக்கிறது. பம்பு அடைத்துக் கொண்டாலும், ஒரு பேஸ் போய்விட்டாலும் மோட்டார் அதிகக் கரண்டு இழுக்கும், ரிலே சூடேறி அந்தக் காண்டாக்ட் திறக்கும், காயில் விழும், மோட்டார் பிழைக்கும்.

இப்பொழுது ஒருவர் இந்த யந்திரத்தினிடம் ஸ்டார்ட்டருக்குப் படம் கேட்டார் என்று வைத்துக் கொள்வோம். படம் வருகிறது, நன்றாகவும் இருக்கிறது. பிறகு, "மேல் தொட்டி நிறைந்தால் தானே நிற்கவும், குறைந்தால் தானே ஓடவும் ஒரு மிதவை சுவிட்சு சேர்த்துக் கொடு" என்கிறார். யந்திரம் பழைய படத்தில் ஒரு கோட்டைச் சேர்ப்பதற்குப் பதிலாக முழு வாசகத்தையும் புதிதாக எழுதக்கூடும். அது எழுதும்போது ஓவர்லோடு காண்டாக்டை விட்டுவிட்டால் என்ன ஆகும்? படத்தில் ரிலே என்ற பெயர் இருக்கும்; மெயின் லைனில் அதன் கட்டமும் இருக்கும்; காயில் வரிசையில் மாத்திரம் அந்தச் சின்னக் கோடு இருக்காது. அதன்படி வயர் மாட்டினால் மோட்டார் ஓடும். முதல் நாளும் ஓடும், பத்தாம் நாளும் ஓடும். படம் போட்ட யந்திரத்துக்குப் புகழ்ச்சியும் கிடைக்கும். என்றைக்கு ஒரு பேஸ் போகிறதோ அன்றைக்குக் காயில் கட்டுகிறவருக்கு வேலை வரும்.

இதைவிட மோசமான தப்பும் உண்டு. மிதவை சுவிட்சின் கம்பியைச் சிகப்புப் பட்டனுக்கு அப்புறத்திலிருந்து எடுப்பதற்குப் பதிலாக இப்புறத்திலிருந்து எடுத்துப் படம் போட்டுவிட்டால், தொட்டி குறைந்திருக்கும்போது சிகப்புப் பட்டனை அமுக்கியும் பிரயோஜனமில்லை. கரண்டு அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆபத்துக்கு நிறுத்துவதற்கென்று வைத்த பட்டன் பொம்மைப் பட்டன் ஆகிவிடும். (மெயினை இறக்காமல் பம்பில் கை வைப்பது எப்படியும் தப்பு என்று எலெக்ட்ரீஷியன் தோழர்கள் சொல்லுவார்கள். வாஸ்தவம். ஆனாலும் வைக்கிறவர்கள் இருக்கிறார்களா, இல்லையா?)

யந்திரம் எப்பொழுதும் இப்படித் தப்புச் செய்யும் என்று நாம் சொல்லவில்லை. சரியாகவும் போடும், பல தடவை சரியாகவே போடும். தப்பாகப் போட்டாலும் சரியாகப் போட்டாலும் அதன் முகத்தில் வித்தியாசம் தெரியாது என்பதுதான் நாம் சொல்லுவது. ஒரு எலெக்ட்ரீஷியனுக்குச் சந்தேகம் வந்தால் கை தயங்கும், கோடு நடுங்கும், "இதை எதற்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள்" என்பார். யந்திரத்தின் கோட்டுக்கு அந்த நடுக்கம் கிடையாது. "நீ போட்டது தப்பு" என்று நாம் சொன்னாலோ, சரியாக இருந்ததையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மாற்றிவிடும் பழக்கமும் அதற்கு உண்டு.

செப்புத் தகட்டில் நாலு முக்கோணமும் கட்டமும் கீறி, அதற்கும் யந்திரம் என்றே பெயர் வைத்து, மஞ்சள் பூசி, வீட்டு நிலையில் மாட்டிக்கொண்ட தேசம் நம்முடையது. அந்தக் கோடு ஏன் அங்கே போகிறது, இந்தக் கட்டம் எதைத் தாங்குகிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? கோடு நேராக இருக்கிறது, கொடுத்தவர் பெரியவர், ஆகவே பலிக்கும் என்று வாங்கி வந்தோம். இன்று கம்ப்யூட்டர் யந்திரம் போட்ட படத்தையும் அதே மனத்தோடு வாங்கிக்கொண்டு வந்தால், தகட்டுக்குப் பதில் காகிதம் என்பதைத் தவிர வேறு என்ன முன்னேற்றம்? தகட்டு யந்திரமாவது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இந்தப் படத்தின்படி வீடு கட்டுவார்கள், கரண்டு விடுவார்கள்.

படத்தில் சொல்லளவில் செய்த ஒரு சின்ன மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, இந்த யந்திரம் பிறப்பதற்கு நெடுநாள் முன்பே மனிதர்களே செய்து காட்டிய ஒரு கோரச் சம்பவம் உண்டு. 1981-ம் வருஷம் ஜூலை மாதம் 17-ந் தேதி அமெரிக்காவில் கான்ஸாஸ் நகரத்தில் ஹயாட் ரீஜன்ஸி என்ற ஓட்டலின் கூடத்தில் மக்கள் நடனமாடிக் கொண்டிருந்தார்கள். கூடத்தின் மேலே, கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளால் தொங்கவிட்ட நடைபாலங்கள் இருந்தன. நாலாம் மாடிப் பாலமும் அதற்கு நேர் கீழே இருந்த இரண்டாம் மாடிப் பாலமும் அறுந்து ஜனங்களின் தலைமேல் விழுந்தன. 114 பேர் இறந்து போனார்கள். இருநூறு பேருக்குமேல் காயப்பட்டார்கள்.

முதலில் போட்ட படத்தில், கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி நாலாம் மாடிப் பாலத்தின் விட்டத்தை ஊடுருவிக்கொண்டு இரண்டாம் மாடிப் பாலம் வரை போகிறது. இரும்பு வேலை செய்கிறவர்களுக்கு இது சங்கடமாக இருந்தது. அவ்வளவு நீளக் கம்பியில் மறை வெட்டி, நடுவில் நட்டை ஏற்றிக்கொண்டு வரவேண்டும். ஆகவே ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு கம்பியாக்கினார்கள். கூரையிலிருந்து நாலாம் மாடிக்கு ஒன்று. நாலாம் மாடி விட்டத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு ஒன்று. காகிதத்தில் பார்த்தால் கோடு ஒரு சில அங்குலம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நம் வீட்டு உறியை நினைத்துப் பாருங்கள். ஒரே கயிற்றில் மேலே ஒரு பானை, கீழே ஒரு பானை தனித்தனியாகக் கட்டியிருந்தால், மேல் பானையின் காது தன் பானையை மாத்திரம் தாங்கினால் போதும். கீழ்ப் பானையை அவிழ்த்து மேல் பானையின் காதிலேயே கட்டிவிட்டால்? கயிற்றுக்குப் பாரம் ஒன்றுதான். காதுக்கோ இரண்டு மடங்கு. நாலாம் மாடி விட்டத்துக்கு நேர்ந்தது இதுவே. பின்னால் அரசாங்க ஸ்தாபனத்தார் பரிசோதித்ததில், முதல் படமே அந்நகரத்துக் கட்டடச் சட்டம் கேட்ட பலத்தில் 60 சதவீதம்தான் கொடுத்திருக்கும் என்றும், மாற்றிய பிறகு அதிலும் பாதிதான் மிஞ்சிற்று என்றும் தெரிந்தது.

இந்த மாற்றத்தை யார் சரிபார்த்தார்கள்? டெலிபோனில் கேட்டுச் சம்மதம் வாங்கினோம் என்று வேலை செய்த கட்சியார் சொன்னார்கள். அப்படி ஒரு டெலிபோன் வரவேயில்லை என்று எஞ்சினீயர் கட்சியார் சொன்னார்கள். ஆனால் மாற்றிய படத்தின்மேல் எஞ்சினீயருடைய முத்திரை விழுந்திருந்தது. கணக்கு மாத்திரம் விழவில்லை. பின்னர் நடந்த விசாரணையின் முடிவில் மிஸ்ஸூரி மாகாணத்தில் அந்த எஞ்சினீயர்களின் லைசென்சு பறிக்கப்பட்டது.

இதை நாம் இங்கே எடுத்துச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. "கம்பியை இரண்டாக்கு" என்பது இரண்டே வார்த்தை. இன்று அதை யந்திரத்தினிடம் சொன்னால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆக்கிக் கொடுக்கும். "ஐயா, ஆக்குகிறேன்; ஆனால் நாலாம் மாடி நட்டுக்குப் பாரம் இரட்டிக்கிறதே" என்று அது சொன்னாலும் சொல்லும், சொல்லாமல் இருந்தாலும் இருக்கும். நாமாகக் கேட்டால் சொல்லக்கூடும். கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரிய வேண்டுமே! அன்று காலேஜில் வாசித்தவர்களுக்கே அந்தக் கேள்வி தோன்றவில்லை என்பதையும் இரண்டாவது கூட்டத்தார் தயவு செய்து நினைத்துக்கொள்ள வேண்டும். பட்டம் அவர்களைக் காப்பாற்றவில்லை. விழுந்த பிறகு கூப்பிட்டு விசாரிக்க ஆட்கள் இருந்தார்கள், அது ஒன்றுதான் அங்கே மிச்சம். யந்திரத்தின் லைசென்சை யார் பறிப்பது? அதைக் கூண்டில் ஏற்ற முடியுமா? யந்திரம் போட்ட படத்துக்கு அடியில் ஒரு மனிதனுடைய கையெழுத்து இருந்தே ஆகவேண்டும்; கையெழுத்துப் போடுகிறவன் ஒவ்வொரு கோட்டையும் பார்த்து, "இது எதற்கு?" என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்ட பிறகே போடவேண்டும். இதில் எவ்வித விட்டுக்கொடுத்தலுக்கும் இடமில்லை என்பது நமது அபிப்பிராயம்.

இந்த யந்திரத்தை உபயோகிக்கும் தோழர்களுக்கு, அனுபவத்தில் உதவக்கூடிய சில சங்கதிகளைச் சொல்லி வைக்கிறோம். முழுப் படத்தையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். ஒவ்வொரு பகுதியாகக் கேளுங்கள். மாற்றச் சொல்லும்போது, "இதைத் தவிர வேறு எதையும் தொடாதே" என்று சொல்லுங்கள். சொன்னதோடு விட்டுவிடாமல், பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒத்துப் பாருங்கள். இதற்கென்றே சாதனங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அளவுகளை நீங்களே கொடுங்கள். கொடுக்காவிட்டால் அது "தெரியாது" என்று சொல்லி நிற்காமல், பொருத்தமாகத் தோன்றும் ஒரு அளவைத் தானே போட்டுக் கொள்ளக்கூடும். "இந்தக் கம்பி அறுந்தால் என்ன ஆகும்? இந்த வால்வு மூடிக்கொண்டால் என்ன ஆகும்?" என்று படத்தைப் பார்த்துக் கேள்வி கேளுங்கள். அது சொல்லும் பதிலையும் அப்படியே நம்பாமல், விரலை வைத்துக் கரண்டு போகும் வழியைத் தடவிப் பாருங்கள். இன்னொன்று. தொழிற்சாலைப் பிளான்களை அந்த யந்திரத்துக்குக் கொடுப்பது என்பது, பெரும்பாலும், எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதாகும். முதலாளி சொத்து போகிறதே என்பதற்காகச் சொல்லவில்லை. பொறுப்பு உங்கள் தலையில் விழுமே என்பதற்காகச் சொல்லுகிறோம்.

டிராப்ட்ஸ்மேன்களின் ஜீவனத்தைப் பற்றி நமக்குக் கவலையில்லையா என்று ஒரு தோழர் கேட்கலாம். கவலை உண்டு. முன்பு படத்தின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பிரதி வரைந்து பிழைத்தவர்கள் மேல்நாடுகளில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அதில் பெண்கள் அநேகர். நகல் எடுக்கும் யந்திரமும் கம்ப்யூட்டரும் வந்து அந்த உத்தியோகமே மறைந்து போயிற்று. அதற்காக யந்திரத்தை உடைக்கச் சொல்லுவது நம் வேலையல்ல. பத்து மணி நேர வேலையை ஒரு மணியில் முடித்த லாபம் யாருக்குப் போகிறது என்று கேட்பதுதான் நம் வேலை. படத்தைப் பார்த்தவுடன் தப்பைச் சொல்லும் கண் பழைய டிராப்ட்ஸ்மேனிடந்தான் இருக்கிறது. யந்திரம் நூறு படம் கக்கும் காலத்தில் அந்தக் கண்ணுக்குச் சம்பளத்தைக் கூட்ட வேண்டுமே ஒழிய, வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முதலாளிமார்கள் இதைத் தாமாக உணர்ந்து செய்வார்கள் என்ற நம்பிக்கை நமக்கு இல்லை. தொழிலாளர் சங்கங்கள் இப்பொழுதே பேச ஆரம்பிப்பது நல்லது.

கடைசியாகத் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த யந்திரம் தமிழில் சொன்னாலும் தெரிந்துகொள்ளுகிறது. ஆனால் இங்கிலீஷில் சொன்னால் தெரிந்துகொள்ளும் அளவுக்கு இல்லை. காரணம் வெகு சாதாரணமானது. அது படித்த எழுத்தில் இங்கிலீஷ் மலைபோலவும் தமிழ் கைப்பிடி அளவும் இருந்தன. அந்தக் கைப்பிடியிலும் புராணமும் சினிமாவும் கிடைக்கும் அளவுக்குப் பட்டறை கிடைக்காது. லேத்தில் நிற்பவர், மோட்டாருக்குக் காயில் கட்டுபவர், குழாய் மாட்டுபவர், கம்பி கட்டுபவர் ஆகியவர்கள் தினசரி வாயால் சொல்லும் சொற்களும், எந்த வேலையை எந்த முறையில் செய்தால் கெடாது என்று அவர்கள் அறிந்திருப்பதும் எழுத்தில் ஏறவேயில்லை. எழுத்தில் ஏறாததை யந்திரம் எங்கிருந்து படிக்கும்? ஆதலால் தொழில் தெரிந்த தோழர்கள், இலக்கணத்தைப் பற்றியும் நடையைப் பற்றியும் பயப்படாமல், தங்கள் தொழிலில் வழங்கும் பெயர்களையும், ஸ்டார்ட்டர், பம்பு, வால்வு முதலியவைகளுக்குத் தாங்கள் போடும் கோட்டுப் படங்களையும், அவற்றில் புதிதாய் வருகிறவன் வழக்கமாகச் செய்யும் தப்புகளையும் எழுதி அனுப்புவார்களானால், அவைகளை வாராவாரம் இப்பத்திரிகையில் வெளியிட இடம் ஒதுக்கச் சித்தமாயிருக்கிறோம். பென்சிலில் போட்ட படமானாலும் போதும். எந்தக் காண்டாக்ட் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதை மாத்திரம் தெளிவாகக் குறித்து அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.